தட்டு காலியாகும் வரை

பகல் ஒரு மணிக்கு, படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு மாடிக்குச் சாப்பிடப் போனால், ஒன்று நாற்பதுக்கு மறுபடி இறங்கிவிட வேண்டும். முப்பது வருடமாக அந்தக் கடையின் வழக்கம் அது. கடைக்காரருக்குத் தெருவில் 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கு ஸ்கேல் இருக்கும் என்பது ஒரு காரணம். எதையும் அளந்தே பேசுவார், அளந்தே சிரிப்பார் என்பது இன்னொரு காரணம். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் இரண்டே கால் மணிக்கும் மாடியில் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். முன்னால் காலித் தட்டு. கை காய்ந்து வறண்டுவிட்டது. கீழே யாரோ ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே அவருடைய மருமகள் பட்டாணி அளவுக் கோழித் துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. முப்பது வரை மெல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை.

அந்த மேசையில் இரண்டு கட்டளைகள் உண்டு. தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. கடைசி ஆளின் தட்டு காலியாகும் வரை வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது. இரண்டையும் போட்டவர் மாமனார்தான். சின்ன வயதில் பட்டினி கிடந்தவர் என்று சொல்வார்கள். இருக்கட்டும். பட்டினி கிடந்தவர்கள் எல்லாரும் அடுத்தவர் தட்டையே பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்கள்? சொந்தத் தங்கை போய்விட்டாள் என்று போன் வந்த அன்றுகூடத் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் முடிக்கிற வரை இருந்துதான் எழுந்தார் என்பதை மாமியார் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள்.

கல்யாணமாகி வந்தபோது மருமகளுக்கு எல்லாரையும் போன்ற உடம்புதான். கடையில் அட்டை வெட்டுகிற வேலை அவளுடையது. படத்தைச் சுற்றி வரும் வெள்ளை அட்டையில், உள்விளிம்பு சாய்வாக இருக்கும்படி ஜன்னல் போல வெட்டி எடுக்க வேண்டும். கத்தி ஒரு மயிரிழை தாண்டினாலும் அட்டை வீண். அவள் கை தப்பியதே கிடையாது. அதற்காக ஒரு வார்த்தை பாராட்டியவரும் கிடையாது. மாமனார் பிரேமுக்கான மரச் சட்டப் பட்டை அறுப்பார், கணவன் கண்ணாடி வெட்டுவான், கொழுந்தன் ஆணி அடிப்பதாகச் சொல்லிக்கொண்டு போனில் பேசுவான். மாமியார் மேலே சமைப்பாள். ஐந்து பேருக்குச் சமைத்தால் ஆறு பேருக்கு இருக்கும். அந்த ஆறாவது ஆளின் சாப்பாடு எங்கே போகும்?

"இந்த ரெண்டு கரண்டிய எங்க கொண்டுபோய் வைக்கிறது? நீ போட்டுக்கோ. உனக்கு இது எம்மாத்திரம்," என்று மாமியார் பாத்திரத்தை அவள் தட்டில் கவிழ்ப்பாள். அது ஒன்றும் கேள்வி இல்லை.

"யானைப் பசிக்குச் சோளப்பொரிம்மா," என்று கொழுந்தன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே, தன் தட்டில் ஒதுக்கிவைத்த கொழுப்பையும் மீன் வாலையும் கடித்துவைத்த முட்டையையும் அண்ணி தட்டுக்குத் தள்ளுவான். மாமனார் அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார். எல்லாத் தட்டும் காலியானால் போதும் அவருக்கு. எந்த வயிற்றில் காலியானது என்பது அவர் கவலை இல்லை. கணவனும் பார்ப்பான். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவன் போல உட்கார்ந்திருப்பான்.

பதினோரு வருடம் இப்படிப் போனது. உடம்பு பெருத்தது. கொழுந்தன் 'அண்டா' என்று பெயர் வைத்தான். கண்ணாடி இறக்க வருகிற லாரிக்காரன் வரைக்கும் "அண்டாக்கா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தான். போட்டவர்களும் இவர்கள், பெருத்துவிட்டாள் என்று சிரித்தவர்களும் இவர்கள். முழங்கால் போயிற்று. சர்க்கரை ஏறியது. கண் மங்கினால் அட்டை வெட்ட முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டில் கொஞ்சம் கவலைப்பட்டார்கள். வயிற்றைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு அவளுடைய அக்காதான் கூடப் போய் இருந்தாள். முக்கால் வயிற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழத்தின் அளவுதான்.

வீட்டுக்கு வந்த அன்று மாமனார் அவளைப் பார்த்துச் சொன்னது இது: "நான் பட்டை அறுத்தா விழுற துண்டக்கூடத் தூக்கிப் போடமாட்டேன். வயித்தையே வெட்டித் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கா."

முதல் இரண்டு மாதம் தண்ணீராகவும் கூழாகவும் அறையில் தனியாகக் குடித்தாள். மேசைக்கு வரவில்லை. கட்டியாகச் சாப்பிடலாம் என்று சொன்ன முதல் நாள், மற்றவர்களோடு வந்து உட்கார்ந்தாள். சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன், இரண்டு துண்டு மீன், ஒரு ஸ்பூன் சோறு, கொஞ்சம் காய். எல்லாரும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாமியாருக்கு இரண்டு மணிக்கு சீரியல். கொழுந்தனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணோடு ஒன்றரைக்குப் பேச வேண்டும். அந்தப் பெண்ணின் சாப்பாட்டு இடைவேளை அது. எட்டுக் கண்கள். அவளுக்குப் பதற்றமாகிவிட்டது. நாலே தடவை மென்று மீனை விழுங்கினாள்.

அது இறங்கவில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் கல் வைத்து அழுத்துவது போல நின்றுவிட்டது. வாயில் எச்சில் ஊறி ஊறிக் கொழகொழவென்று வந்தது. எழுந்து குளியலறைக்கு ஓடினாள். நுரை நுரையாகத் துப்பிக்கொண்டே இருந்தாள். வாந்தியும் வரவில்லை, வலியும் போகவில்லை.

"அண்டாவுக்கு அடைப்பு," என்று கொழுந்தன் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. மாமியார் சிரித்தாள்.

அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழ அழ நெஞ்சு இன்னும் இறுகியது. கடைசியில் அந்தத் துண்டு வெளியே வந்து விழுந்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள் என்று நினைத்தாள்.

நாலு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவள் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீனும் காயும் இருந்தன.

மாமியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனின் போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. கீழே ஷட்டர் தட்டும் சத்தம் கேட்டது. மாமனாரின் தாடை இறுகியிருந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவார்கள்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடமாக அவள் கழுத்தில் கிடந்த கயிற்றின் இன்னொரு நுனி இப்போது அவள் கையில் இருந்தது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். ஸ்பூனை எடுத்தாள். ஒரு பட்டாணி அளவு மீனை வாயில் போட்டு எண்ண ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவர்கள் எழுந்தபோது மணி இரண்டரை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவளுக்கு மத்தியானம் எப்போது வரும் என்றிருந்தது. பசிக்காக இல்லை, பசி என்று ஒன்று ஆபரேஷனோடு போய்விட்டது. பழி வாங்குவதற்காக உட்கார்ந்தாள். முதல் வாரம் ஐம்பது நிமிடம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம், அப்புறம் ஒன்றேகால். மாமியாரின் சீரியலில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதே மாமியாருக்குத் தெரியாமல் போயிற்று. கொழுந்தனுக்கு நிச்சயித்த பெண் மத்தியானம் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். அவனுக்கு என்ன நோவு என்று அவளுடைய அம்மா விசாரித்தாளாம். இதைக் கேட்டு மருமகள் அன்றைக்கு ஒரு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டாள்.

ஆனால் அவர்களெல்லாம் சில்லறைகள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாமனார் எழுந்திருக்க வேண்டும். அவள் தட்டில் சாப்பாடு இருக்கும்போது, அவரே போட்ட கட்டளையை அவரே மிதித்துக்கொண்டு, எல்லார் கண் முன்னாலும் எழுந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் போதும்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

அவள் வாயில் இருந்ததை முப்பதும் மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "நொறுங்கத் தின்றால் நூறு வயசுன்னு நீங்கதானே மாமா சொல்வீங்க."

ஒரு கல்யாண ஆல்பக்காரன் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனதை ஜன்னல் வழியாக அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

சாயங்காலம் கண்ணாடி வெட்டும் மேசையருகே கணவன் மெல்ல ஆரம்பித்தான்.

"அப்பா பாவம். வயசானவரு. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடலாம்ல?"

"முடிச்சா அடைச்சுக்குது. நீங்கதான் பார்த்தீங்களே."

"அது சரி. தனியா ரூம்லயே சாப்பிட்டா என்ன?"

"நான் ஏன் தனியா சாப்பிடணும்? அவர எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க. அவர் கைய யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

அவன் கண்ணாடியின் மேல் வைரமுனையை இழுத்தான். கோடு கோணிவிட்டது. அவன் கை கோணியதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். இரக்கமெல்லாம் வரவில்லை.

நாலாவது மாதம் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரைப் பார்க்கப் போனாள். சின்ன வயதுப் பெண், ஆனால் கறார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முடி கொட்டுதா?"

"கொத்துக் கொத்தா கொட்டுது."

"சத்து பத்தல. மத்தியானம் எவ்வளவு நேரம் சாப்பிடுறீங்க?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எதுக்கு? அரை மணி நேரத்துல முடிக்கணும்னு சொல்லித்தானே அனுப்பினோம். சாப்பிடும்போது போதும்னு உடம்பு சொல்லுமே. விக்கல் வரும், இல்லன்னா மூக்குல தண்ணி வரும். உங்களுக்கு என்ன வருது?"

"மூக்குல தண்ணி."

"அது வந்ததும் ஸ்பூன வச்சிடணும்."

"தட்டுல இருக்குமே."

"இருந்தா இருக்கட்டும். தட்ட காலி பண்ணியே ஆகணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

யார் சொன்னது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். நினைக்க நினைக்க முகம் எரிந்தது. வயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு வந்தாயிற்று, ஊசிக் குத்துகள் ஆறியாயிற்று, இன்னமும் அவர் தட்டைத்தான் அவள் காலி செய்துகொண்டிருந்தாள். மூக்கில் தண்ணீர் வடிய வடிய, துடைத்துக்கொண்டே, மிச்சம் வைக்காமல். அவரைப் பழிவாங்குவதாக நினைத்துக்கொண்டு அவர் கட்டளையையே ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறாள். கூமுட்டை, கூமுட்டை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் கடைக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அறுபது படம், பெரிய வேலை. இரண்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று மாமனார் காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டார். சொல்லும்போதெல்லாம் அவளைப் பார்த்தே சொன்னார்.

ஒரு மணிக்கு உட்கார்ந்தார்கள். சோறு, கோழி, வேகவைத்த காய். அவள் கோழியை முதலில் சாப்பிட்டாள், அப்புறம் காய், பாதிச் சோறு. முப்பது முப்பதாக மென்றாள். இருபத்தெட்டாவது நிமிடம் மூக்கில் தண்ணீர் வந்தது. கர்சீப்பால் துடைத்தாள். ஸ்பூனைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. கொழுந்தன் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"தட்டுல இருக்கும்மா," என்றார் மாமனார்.

"ஆமா மாமா."

"மிச்சம் இருக்குன்னு சொல்றேன்."

"தெரியும். எனக்கு முடியல. வயித்துல இடம் இல்ல."

"உட்காரு. மெதுவா சாப்பிடு. நாங்க இருக்கோம்."

அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. பதினோரு வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

"இருங்க," என்றாள். "தட்டு காலியாகிற வரைக்கும் எல்லாரும் இருங்க. அதுதானே நம்ம வீட்டு வழக்கம்."

கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். ஷட்டரை அவளே தூக்கினாள். பள்ளிக்கூடத்து ஆள் சொன்னதற்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். அறுபது படத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். அட்டை வெட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அவர் விரலால் தடவிப் பார்த்தார். யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான் என்றாள்.

மேலே ஒரு நாற்காலிகூட நகரவில்லை. மாடிப்படிக் கதவு திறந்தே இருந்ததால் பேச்சு மட்டும் இறங்கி வந்தது.

"நீ சாப்பிடுடா," என்றார் மாமனார்.

"அண்ணி எச்சிலயா? என்னால முடியாது," என்றான் கொழுந்தன்.

"குப்பையில கொட்டிடலாமே," என்றாள் மாமியார்.

அந்த வீட்டில் குப்பையில் சோறு விழுந்ததில்லை. கொட்டுவதென்றால் அவர் வாயாலேயே கொட்டு என்று சொல்ல வேண்டும். அவள் படங்களை மறுபடி கட்டிக்கொண்டே காதை மேலே வைத்திருந்தாள். எழுந்திரு, எழுந்திரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்து ஆள் போய்க் கால் மணி நேரம் கழித்துத்தான் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. முதலில் கொழுந்தன் இறங்கி வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். பின்னால் மாமியார் வந்தாள். படியிலேயே நின்றாள்.

"திருப்திதானே உனக்கு?"

"என்ன ஆச்சு அத்தை?"

"உன் புருஷன் ஒரு வார்த்தை பேசல. உன் தட்ட எடுத்து அவங்கப்பா முன்னால நகர்த்தி வச்சான். அவரு தின்னாரு. கண்ண மூடிக்கிட்டுத் தின்னாரு."

அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. வெட்கப்பட வேண்டுமே என்று ஒரு நிமிடம் பார்த்தாள், வெட்கம் வரவில்லை. ஆனால் சாயங்காலமானதும் ஒரு எரிச்சல் உள்ளே புகுந்துகொண்டது. மனிதர் எழுந்திருக்கவில்லையே. எச்சிலைத் தின்றாலும் தின்பேன், தோற்கமாட்டேன் என்றுதானே உட்கார்ந்திருந்தார்? கடையில் எதிரும் புதிருமாக நின்று அவர் பட்டை அறுத்தார், அவள் அட்டை வெட்டினாள். அவர் நிமிரவே இல்லை. கணவன் இரண்டு தடவை அவள் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போனான். மூன்றாவது தடவை வந்தபோது கத்தியின் முனை மழுங்கியிருக்கிறது என்று சொல்லிப் புதிதாக மாற்றிக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாமியார் சோற்றுப் பாத்திரத்தோடு வழக்கம்போல அவள் பக்கம் வந்தாள்.

"குடு," என்றார் மாமனார்.

மாமியாருக்குப் புரியவில்லை. அவர் எழுந்து வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். அந்த மேசையில் அவர் யாருக்கும் பரிமாறி அவள் பார்த்ததில்லை. சின்னத் தட்டில் ஒரு துண்டு கோழி வைத்தார். இன்னொரு துண்டு வைத்தார். ஸ்பூன் நுனியில் கொஞ்சம் காய் எடுத்து வைத்தார். பிரேமுக்குப் பட்டை அளப்பவரைப் போலக் குனிந்து தட்டையே பார்த்தார். கரண்டியில் பாதியளவு சோறு எடுத்து, தட்டுக்கு மேலே கொண்டுவந்து, அங்கேயே நிறுத்தினார். கூடிப் போய்விட்டால் மிச்சமாகும். மிச்சமானால் யார் தின்ன வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

"போதுமா?" என்று கேட்டார்.

மேசை மொத்தமும் நிமிர்ந்தது. கொழுந்தன் போனைக் கவிழ்த்து வைத்தான். பதினோரு வருடத்துக்கும் மேலாக அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அந்த ஒரு சொல்லை அவளிடம் யாரும் கேட்டதில்லை. இப்போதும் பாசத்தினால் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்கிறார். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அவரிடமிருந்து பாசம் அவளுக்கு வேண்டியதும் இல்லை.

"இருங்க மாமா," என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

ஸ்பூனை எடுத்து ஒரு துண்டு கோழியை நாலாக வெட்டினாள். அதில் ஒன்றை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள். மாமனார் கரண்டியை ஏந்திக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.